அத்தை குடி மாறிய மாசி மாதம்

சென்ற வாரம் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு பிளாஸ்டிக் கடைக்குள் நுழைந்தேன். சாப்பாட்டு மேசைக்கு ஒரு விரிப்பு வேண்டியிருந்தது. கடைக்காரர் புதுச் சுருள் ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு மேசையும் மறந்தது, விரிப்பும் மறந்தது. கையில் குடையோடு கடை நடுவில் மரம் மாதிரி நின்றுவிட்டேன். "என்ன மிஸ், கலர் புடிக்கலையா?" என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, வாங்காமலே வெளியே வந்தேன். அந்த மனிதர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

அது படங்கு வாசனை. மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள், செடியின் ஈரமும் வாதுகளின் கீறலும் சேலையில் படாதிருக்க, இடுப்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொள்வார்கள். அதுதான் படங்கு. புதிதாக வாங்கியபோது இந்தக் கடை வாசனைதான் அடிக்கும். கொஞ்ச நாள் மழையில் நனைந்து அடுப்பங்கரை ஆணியில் தொங்கியதும் கொழுந்துச் சாறும் விறகுப் புகையும் ஏறிவிடும். என் அத்தை மேல் எப்போதும் அந்த இரண்டாவது வாசனைதான். சின்ன வயதில் நான் ஒளிந்து விளையாட அந்தப் படங்குக்குப் பின்னால்தான் போய் நிற்பேன். கால் இரண்டும் வெளியே தெரியும். அத்தை லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தேடுவது போல நடித்துவிட்டு, "பாப்பாவ நரி தூக்கிட்டுப் போயிருச்சு" என்று சத்தமாக அழுவாள். அந்த அழுகையை உண்மை என்று நம்பி நானும் அழுதுகொண்டு வெளியே வருவேன். அப்போதே எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அத்தை அப்பாவுக்கு அக்கா. பெயர் ராமாயி. வட்டவளைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்தில் ஒரே லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவும் அவளுடைய காம்பராவும் ஒட்டி இருந்தன. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் அத்தை இருமினால் இந்தப் பக்கத்திலிருந்து அம்மா, "கொத்தமல்லி போட்டுத் தரவாங்க?" என்பாள். எனக்குக் கணக்கு வரவில்லை என்று அப்பா திட்டினால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஒனக்கு மட்டும் வந்துச்சாக்கும்" என்று பதில் வரும். மாமா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அம்மாவும் அப்பாவும் காலமானபிறகு நான் கொழும்புக்கு வேலைக்கு வந்தேன். நாங்கள் இருந்த காம்பராவுக்குச் செல்வி என்ற பெண் குடும்பத்தோடு வந்தாள். அதன்பிறகு அத்தையின் இருமலுக்குச் செல்விதான் சுவர் வழியாகப் பதில் சொன்னாள்.

அத்தை பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்ததிலிருந்து எல்லாம் மாறியது. இடுப்பில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு யாராவது தூக்கி நிறுத்தினால்தான் நிற்கலாம் என்ற நிலை. நான் போய்க் கொழும்புக்குக் கூட்டி வந்தேன். என் வீடு நான்காம் மாடியில், லிப்ட் இல்லாத கட்டிடத்தில் இருக்கிறது. கீழ் வீட்டு ஆட்களின் உதவியோடு நாற்காலியில் வைத்து ஏற்றினோம். வந்தவளுக்கு வெக்கை தாங்கவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பாள், சத்தமின்மையைத்தான் பொறுக்க முடியவில்லை. "இந்த வீட்டுல எத்தன குடும்பம் இருக்கு? ஒருத்தருகூட சத்தமா பேச மாட்டேங்கிறாங்களே, எல்லாருக்கும் சொகமில்லையா?" என்று கேட்டாள். நான் வேலைக்குப் போனபிறகு பகலெல்லாம் தனியாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். அடுத்த மாதமே, "என்னைய கொண்டுபோய் விட்டுரும்மா" என்றாள். கொண்டுபோய் விட்டேன். செல்வி பார்த்துக்கொண்டாள்.

முதியோர் இல்லத்துக்குப் போவதென்று முடிவெடுத்தது அத்தைதான். இதைச் சொன்னால் என் சினேகிதிகள் நம்புவதில்லை. மருமகள் தப்பித்துக்கொண்டாள் என்ற பார்வை பார்ப்பார்கள். செல்வி விடியற்காலையில் எழுந்து அத்தையைத் தூக்கிக் குளிப்பாட்டி, சாப்பாடு வைத்துவிட்டு மலைக்கு ஓடுவாள். மத்தியானம் திரும்ப ஓடி வருவாள். ஒருநாள் தூக்கும்போது செல்விக்கே முதுகு பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அத்தை செல்வியின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "அந்தப் புள்ள முதுகு ஒடஞ்சிரும் பாப்பா. நானுஓயா பக்கம் மடத்துல வயசானவங்கள வச்சிப் பாக்குறாங்களாம். எடம் கேளு." கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இடம் என்பதால் அதை மடம் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கேட்டேன். இடமில்லை என்றார்கள். பல மாதம் கழித்து, ஒரு மாசி மாதத்தில், சிஸ்டர் ஒருவர் போன் பண்ணினார். ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது, சனிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்.

நான் லீவு எடுத்து, அட்டனில் வாடகை வான் வைத்திருக்கிற பாரூக் நானாவோடு பேசி எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிக்கொண்டு வெள்ளிக்கிழமை ரயிலேறினேன். ரொம்பவும் திறமையாக வேலை பார்த்துவிட்டதாக எண்ணம். வட்டவளையில் இறங்கித் தோட்டத்துக்கு ஏறும்போது தேயிலைக்கு நிழல் தருகிற சவுக்கு மரங்களெல்லாம் பூத்திருந்தன. செடிகளில் பனியில் கருகிய இலைகளுக்கு மேலே புதுக் கொழுந்து எட்டிப் பார்த்தது. எங்கேயோ தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. அது என்ன சத்தம் என்று யோசிக்கத் தோன்றவேயில்லை.

லயத்து வாசலில் செல்வி நின்றாள். என் பையை வாங்கிக்கொண்டவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அக்கா, கம்பம் ஊனியாச்சு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாசி அமாவாசை கழிந்து எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். மன்மதனை எரித்து, அவன் திரும்ப உயிர்த்து எழுகிறவரைக்கும் கூத்து நடக்கும். எங்கள் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கம்பம் ஊன்றியபின், அதை எடுக்கும்வரை, தோட்டத்தாள் யாரும் எல்லை தாண்டி வெளியே இராத்தங்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போவது மட்டும் கணக்கில் வராது. மீறினால் அந்த வருசம் தோட்டத்துக்கு ஏதாவது ஆகும் என்று நம்பிக்கை. பிள்ளைகளுக்கு அம்மை வரும், மண் சரியும் என்பார்கள். கொழும்பு காலண்டரில் போயா விடுமுறையை மட்டும் பார்த்து வான் பேசியவளுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும்? சிஸ்டருக்குப் போன் பண்ணிக் கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். அவர் அன்பாகத்தான் சொன்னார், ஆனால் முடியாது என்றுதான் சொன்னார்.

சாயந்தரம் தோட்டத்துத் தலைவர் வந்தார். முத்தையா தலைவர், கோயில் காரியங்களையும் அவர்தான் பார்ப்பார். அத்தையைவிட வயதில் சின்னவர். கட்டில் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். நான் கொஞ்சம் வேகமாகவே பேசிவிட்டேன். கொழும்பில் வேலை செய்கிற இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதானே இராத்தங்குகிறார்கள், அவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லையா என்றேன்.

"அவங்க வெளியூரு ஆளுங்கதானேம்மா" என்றார் அவர். கோபமில்லாமல், எல்லோருக்கும் தெரிந்த விசயத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் எப்போது வெளியூராள் ஆனேன் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு அவர் அத்தையைப் பார்த்து, "அக்கா, வழி ஒண்ணு இருக்கு. ஒங்களுக்குத் தெரியாததில்ல" என்றார்.

அத்தை கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "தெரியும் தம்பி" என்றாள்.

அந்த வழி என்னவென்று எனக்கும் தெரியும், அத்தை சொல்லித்தான் தெரியும். முன்பு இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் வந்த வழக்கம் அது. கப்பல் நாள் காமனுக்காகக் காத்திருக்காது. கம்பம் நிற்கும்போதே குடும்பம் குடும்பமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதனால் அன்றைய பெரியவர்கள் ஒரு ஏற்பாடு பண்ணினார்கள். போகிறவர்கள் கம்பத்துக்கு முன்னால் நின்று, "என் குடி இந்தத் தோட்டத்துல இல்ல" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபின் அவர்கள் தோட்டத்தாள் இல்லை, விருந்தாளி. விருந்தாளி எங்கே இராத்தங்கினாலும் தோட்டத்துக்குக் குற்றமில்லை. தாம்பூலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் பெரியப்பா, அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர், அப்படிச் சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினார். தம்பி தங்கச்சிகளையும் கூட்டிப்போவதாக எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. பெரியப்பா சொன்னார், பெரியம்மா சொன்னார், அவர்களுடைய பிள்ளைகள் சொன்னார்கள். அத்தையின் முறை வந்தது. அத்தை வாயைத் திறக்கவில்லை. அதட்டிப் பார்த்தார்கள், அழுது பார்த்தார்கள். "எங்கம்மாவ இந்த மண்ணுலதான் பொதச்சிருக்கு. இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அவளைத் தனியாக விட மனமில்லாமல் அப்பாவும் நின்றுவிட்டார். பெரியப்பா கோத்தகிரியில் இருந்து சில வருசம் கடிதம் போட்டார், பிறகு அதுவும் நின்றது. அன்றைக்கு அத்தை வாயைத் திறந்திருந்தால் நான் நீலகிரியில் எங்கேயோ பிறந்திருப்பேன், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இதைவிட நல்ல கட்டுரை எழுதியிருப்பேன் என்று சினேகிதிகளிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அன்றைக்குச் சாயந்தரம் எனக்கு வேடிக்கை ஒன்றும் தோன்றவில்லை.

தலைவர் போனபிறகு நான் சொன்னேன். "அத்தை, வேணாம். நீங்க சொல்ல வேணாம். கட்டில் போனா போகட்டும், வேற எடம் பாப்போம்."

"வேற எடம் வர்ற வரைக்கும் யாரு தூக்குறது? நீயா?"

நான் அவள் போர்வையை இழுத்து விட்டேன்.

"சொல்லாம போயிரலாமே அத்தே, யாரு என்ன பண்ணுவாங்க?" என்றாள் செல்வி. அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவள் மகனே காமனுக்காகக் கையில் காப்புக் கட்டியிருந்தான்.

அத்தை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "நாளைக்கு இந்த லயத்துல ஒரு புள்ளைக்குக் காச்ச வந்தா, ராமாயி போனதாலதான்னு பேச்சு வரும். அப்புடிப் பேசவும் வேணாம், அப்புடி வரவும் வேணாம்."

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. எல்லை தாண்டித் தூங்கினால் பிள்ளைக்கு அம்மை வரும் என்பதை நான் எந்த வயதிலும் நம்பியதில்லை. ஆனால் அத்தை நம்பினாள், லயத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்து நம்பினாள்.

அவளுக்குக் கொண்டுபோகப் பெரிதாக ஒன்றுமில்லை. காம்பராவைச் செல்வியின் மகனுக்கு விட்டுவிடுவதென்று ஏற்கனவே பேசியாகிவிட்டது, அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. சட்டி பானை எல்லாம் அங்கேயே இருக்கட்டும் என்றாள். நான் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். ஆணியில் பழைய படங்கு தொங்கியது, மடிப்புகளில் வெடித்துப் போயிருந்தது. எடுத்து வைக்கவா என்றேன். "மடத்துல எந்த மலைக்குப் போகப் போறேன்?" என்றாள்.

காலையில் காப்புக் கட்டிய இளைஞர்கள் வந்து அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு காமன் பொட்டலுக்குப் போனார்கள். மஞ்சள் துணி சுற்றிய கம்பம் பனியில் நனைந்து நின்றது. வேலைக்குப் போகாமல் லயத்து ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தப்பு நின்றது. "என்னைய நிறுத்துங்க" என்றாள் அத்தை. செல்வி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கிப் பிடித்தோம்.

தலைவர் வெற்றிலைத் தட்டோடு நின்றார். அத்தை கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் போனது. தலைவருக்கே பொறுக்கவில்லை. "மனசுக்குள்ள சொன்னாலும் போதும்க்கா" என்றார்.

"வாயால சொல்லாதது சாமிக்கு எப்புடித் தம்பி கேக்கும்?" என்றாள். பிறகு லயம்வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "என் குடி இந்தத் தோட்டத்துல இல்ல."

இளம் வயதில், அண்ணன் அழுது கேட்டும் சொல்லாத வார்த்தை. செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தலைவர் தட்டை இரண்டு கையாலும் நீட்டி, "போயிட்டு வாங்க" என்றார், வெளியூரிலிருந்து வந்த பெரிய மனுசிக்குச் சொல்வதுபோல. அத்தை வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் எதிர்பார்த்தபடி அவள் அழவில்லை. தப்பு திரும்பத் தொடங்கியது.

வானுக்குள் பாரூக் நானா முன் சீட்டை நன்றாகச் சாய்த்துத் தலையணை வைத்திருந்தார். தலவாக்கலை தாண்டியதும், "பெரியம்மா, டீ ஒண்ணு குடிச்சிட்டுப் போவமா?" என்று அவர்தான் கேட்டார். கடையிலிருந்து வாங்கி வந்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு அத்தை, "இது தூள் இல்ல, கழிவு" என்றாள். நானா சிரித்தார். நானும் சிரித்தேன், அதோடு சேர்ந்து கண்ணீரும் வந்துவிட்டது.

மடம் நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். வெயில் விழுகிற தாழ்வாரம், சுடுதண்ணீர், வேளைக்குச் சாப்பாடு. எல்லோரும் சத்தமாகத்தான் பேசினார்கள், பாதிப் பேருக்குக் காது மந்தம். அத்தையைக் கட்டிலில் விட்டதும் பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்து ஆவலோடு கேட்டார், "அக்கா எந்தத் தோட்டம்ங்க?"

மலையகத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் வருகிற கேள்வி அது. பெயர்கூட அதற்குப் பிறகுதான். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், அங்கே இன்னாரைத் தெரியுமா, இன்னார் எங்கள் சின்னம்மா மகள் என்று உறவு முளைத்துவிடும். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"எனக்குத் தோட்டம் இல்லம்மா. ஒங்களுக்கு எது?"

அந்த அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு தன்னுடைய தோட்டத்தைப் பற்றி, காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தைப் பற்றி, அங்கே ஓடுகிற ஆற்றைப் பற்றி எல்லாம் சொல்லத் தொடங்கினார். அத்தை கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பின் மாதம் ஒரு தடவை போய்வந்தேன். ஏப்ரலில், நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்கு வசந்தம் பார்க்கப் போகிற கொழும்புக் கூட்டத்தோடு ரயிலில் நசுங்கிக்கொண்டு போவேன். அவர்கள் பூக்களைப் பார்க்க, நான் அத்தையைப் பார்க்க. ஒவ்வொரு தடவையும் யாராவது புதிதாக வந்தவர் அவளிடம் தோட்டம் கேட்பார். ஒவ்வொரு தடவையும் அதே பதில். சாமிக்கு முன் சொன்ன பேச்சை அவள் ஒரு பேச்சுக்குக்கூட மாற்றவில்லை.

மறு வருசம் மாசிக்கு முன்னால் தலைவர் எனக்குப் போன் பண்ணினார். "அக்காவ கூட்டிட்டு வாங்கம்மா. ஒரு தேங்கா ஒடச்சிட்டா திரும்ப குடியில சேத்துக்கலாம். எல்லாரும் சொல்றாங்க." எனக்கு அவ்வளவு சந்தோசம். அன்றைக்கே வானுக்குப் பேசிவிட்டு மடத்துக்கு ஓடினேன். அத்தை நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். தலைவர் பேரப்பிள்ளைகளைக்கூட விசாரித்தாள். பிறகு, "சேந்துட்டு அன்னிக்கு ராவு எங்க பாப்பா படுக்குறது?" என்று கேட்டாள்.

அவளுடைய காம்பராவில் அப்போது செல்வியின் மகன் இருந்தான், மருமகள் இருந்தாள், தொட்டிலில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

"தங்க எடமில்லாம குடி இருக்குன்னு போய்ச் சாமிகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. என் கன்னத்தைத் தடவிக்கொண்டுதான் கேட்டாள்.

அந்த வருசம் மழைக்காலத்தில் அத்தை இறந்துபோனாள். தோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், அவர்கள் அம்மா பக்கத்திலேயே இடம் இருக்கிறது என்று தலைவர் சொன்னார். ஆனால் அத்தை முன்னாலேயே சிஸ்டரிடம் சொல்லி வைத்திருந்தாள், இங்கேயே பக்கத்தில் எங்காவது போதும் என்று. நானுஓயாவிலேயே புதைத்தோம். தோட்டத்து ஆட்கள் ஒரு லொறியில் வந்து இறங்கினார்கள். உரிமையோடு முன்னால் வருவதா, விருந்தாளிகளைப்போலத் தள்ளி நிற்பதா என்று தெரியாமல் மழையில் ஓரமாக நின்றார்கள். செல்வி மட்டும் யாரையும் கேட்காமல் நடந்து வந்து மண் போட்டாள்.

இப்போது அந்த லயத்தில் எங்கள் பக்கத்தை இடித்துவிட்டார்கள். செல்வி குடும்பத்துக்குக் கொஞ்சம் கீழே தனி வீடு கிடைத்தது. கூரைவரை எழும்பிய நல்ல சுவர்கள், பக்கத்து வீட்டு இருமல் கேட்காது என்று போனில் சொன்னாள். வட்டவளையில் இறங்க எனக்கு இப்போது வேலை எதுவுமில்லை. அத்தையைப் புதைத்த இடத்துக்குப் போகும்போது ரயில் அந்த ஸ்டேசனில் நிற்கும், நான் உட்கார்ந்திருப்பேன், ரயில் கிளம்பும்.

கொழும்பில் மலையகத்து ஆட்கள் என் பேச்சைக் கேட்டு நம் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். பஸ்ஸில், வங்கி வரிசையில், எங்கேயாவது ஒருவர் முகம் மலர்ந்து கேட்பார், "நீங்க எந்தத் தோட்டம்?" முன்பெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் பெயரைச் சொல்லிவிடுவேன். இப்போது நாக்குவரை வந்து நின்றுவிடுகிறது. "வட்டவளைப் பக்கம்" என்கிறேன். அவர்கள் தோட்டத்தின் பெயர் வரும் என்று இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.